பட்டென்று மூடிக்கொள்ளும் மென்பொருள்: பழைய கணினியில் எங்கே தேடுவது

பிள்ளை பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கிய கணினி, பிள்ளை வேலைக்குப் போன பிறகும் வரவேற்பறை மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்பா அதில் சங்கத்தின் வரவு செலவைப் போடுவார், அம்மா படங்களைச் சேர்த்து வைப்பார். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சிதான். ஒரு நாள், தினமும் திறக்கிற மென்பொருளைத் திறந்ததும் அதன் சன்னல் ஒரு நொடி வெளுத்து, சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுகிறது. மறுபடி திறந்தாலும் அதே கதை.

உடனே எல்லோரும் மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவப் பார்ப்பார்கள். அதை முதலில் செய்யாதீர்கள். நீக்கும்போது பல மென்பொருள்கள் தங்கள் நிரல் கோப்புகளை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் உங்கள் பயனர் கணக்கின் கீழ் வேறொரு கோப்புறையில் அப்படியே கிடக்கும். கெட்டது அந்த அமைப்புக் கோப்பு என்றால், புதிதாக நிறுவிய மென்பொருளும் அதையே படித்து அதே இடத்தில் விழும். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். தொடங்குமுன் இரண்டு காரியம். முக்கியமான கோப்புகளை ஒரு தம்ப்டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், செய்ததை உடனே எழுதிவைக்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

விழுவது எது?

கிராஷ் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நான்கு வெவ்வேறு நோய்கள் உண்டு. மென்பொருள் மட்டும் மறைந்து மற்றவை ஓடிக்கொண்டிருந்தால் அது ஒரு வகை. தலைப்புப் பட்டையில் ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்று காட்டி உறைந்து நின்றால் அது வேறு. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது நினைவகப் பற்றாக்குறையையும் மெதுவாகிப்போன வட்டையும். நீலத்திரை வந்து கணினி மறுதொடக்கம் ஆனால் டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் நிரல்) அல்லது வன்பொருள். எச்சரிக்கையே இல்லாமல் முழுக் கணினியும் அணைந்தால் சூடு அல்லது பவர் சப்ளை. இங்கே பேசப்போவது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றி.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியம்: ஒரே செயலில் விழுகிறதா, நினைத்த நேரத்தில் விழுகிறதா? அச்சிடும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் விழுந்தால் காரணம் மென்பொருளிலோ, கோப்பிலோ, அமைப்பிலோ, டிரைவரிலோ இருக்கும். இன்று இந்த மென்பொருள், நாளை உலாவி, நாளை மறுநாள் வேறொன்று என்று விழுந்தால் மென்பொருளை நோண்டிப் பயனில்லை. நேராக நினைவகம், வட்டு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

கணினி எழுதிவைத்த குறிப்பு

மென்பொருள் எதுவும் சொல்லாமல் மறைந்தாலும் விண்டோஸ் அதைக் குறித்து வைத்திருக்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஆங்கிலத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டுங்கள். ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும், அதைத் திறங்கள். நாள்வாரியாக ஒரு வரைபடம் தெரியும். சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி இருக்கிற நாள்தான் ஏதோ விழுந்த நாள். அதைச் சொடுக்கி, கீழே உங்கள் மென்பொருளின் பெயர் இருக்கும் வரியில் ‘வியூ டெக்னிக்கல் டீட்டெய்ல்ஸ்’ என்பதைத் திறந்தால் ஒரு சின்னப் பட்டியல் வரும்.

அதில் நான்கு வரிகளை மட்டும் தாளில் எழுதுங்கள்: பிராப்ளம் ஈவென்ட் நேம், ஃபால்ட் மாட்யூல் நேம், எக்செப்ஷன் கோட், எக்செப்ஷன் ஆஃப்செட். முதல் வரியில் ‘ஆப்கிராஷ்’ என்று இருந்தால் மென்பொருள் விழுந்தது. ‘ஆப்ஹேங்’ என்று தொடங்கினால் உறைந்து நின்றது, அவ்வளவுதான். ஃபால்ட் மாட்யூல் என்பது விழும் நேரத்தில் எந்தக் கோப்பின் நிரல் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லும். ஆஃப்செட், அந்தக் கோப்புக்குள் எந்த இடம் என்பதை.

இப்போது ஒரே ஒரு பதிவோடு நிறுத்தாமல், கடைசி மூன்று விழுதல்களின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றிலும் மாட்யூலும் ஆஃப்செட்டும் ஒன்றாகவே இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே படியில்தான் கால் இடறுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றிலும் வெவ்வேறு மாட்யூல், வெவ்வேறு ஆஃப்செட் என்றால் நினைவகச் சில்லைச் சந்தேகப்படுங்கள். இந்த ஒப்பீட்டுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு நாள் முழுதும் கண்மூடித்தனமாக முயல்வதைவிட அதிகம் சொல்லிவிடும்.

மாட்யூல் பெயரைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ‘என்டிடிஎல்எல்’, ‘கெர்னல்பேஸ்’ என்று வந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். எல்லா மென்பொருளும் இந்த இரண்டின் வழியாகத்தான் ஓடுகின்றன. வேறெங்கோ செய்த தப்பு பெரும்பாலும் இங்கே வந்துதான் வெடிக்கும். பெயர் ‘என்வி’ என்று தொடங்கினால் என்விடியா திரை டிரைவர், ‘ஐஜி’ என்று தொடங்கினால் பெரும்பாலும் இன்டெல், ‘ஏடிஐ’ என்றால் ஏஎம்டி. ‘எம்எஸ்விசிபி140’, ‘விசிரன்டைம்140’ என்றால் விஷுவல் சி++ நூலகம், அதாவது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் மைக்ரோசாஃப்டின் நிரல் தொகுப்பு.

எக்செப்ஷன் கோடில் அடிக்கடி கண்ணில் படுவது சி0000005. தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட முயன்றது என்று பொருள். காய்ச்சல் மாதிரி அது, காரணம் எதுவாகவும் இருக்கலாம். சி0000374 என்றால் மென்பொருள் தன் நினைவகக் குறிப்புகளைத் தானே குழப்பிக்கொண்டது. சி000007பி என்றால் பெரும்பாலும் 32 பிட் மென்பொருள் 64 பிட் நூலகத்தையோ, அல்லது நேர்மாறாகவோ, எடுக்கப் பார்த்தது. சி000001டி வந்தால் மட்டும் மற்ற எதையும் முயல வேண்டாம். உங்கள் செயலிச் சில்லுக்குத் தெரியாத கட்டளையை மென்பொருள் கேட்கிறது. புதிய மென்பொருள் பலவும் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியை எதிர்பார்க்கின்றன. இன்டெல் அதை 2011-இலும், ஏவிஎக்ஸ்2-ஐ 2013-இலும் கொண்டுவந்தது. ஆனால் விலை குறைந்த பென்டியம், செலரான் சில்லுகள் பலவற்றில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அது கிடையாது. எந்த அமைப்பை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது. அந்த மென்பொருளின் பழைய பதிப்புதான் வழி.

அமைப்புக் கோப்பை ஒதுக்கிவைத்துப் பார்ப்பது

ஒரே இடத்தில் விழுகிறது என்று தெரிந்தால் முதல் சோதனை இது. பெயர் சொல்லிக் காட்ட லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம், மற்றவற்றிலும் முறை ஒன்றுதான். திறக்க முடிந்தால் ஹெல்ப் பட்டியலில் ‘ரீஸ்டார்ட் இன் சேஃப் மோட்’ உண்டு. திறக்கவே முடியாவிட்டால் ஸ்டார்ட் பட்டியலில் சேஃப் மோட் என்று தனிச் சின்னம் இருக்கும். சேஃப் மோட் உங்கள் அமைப்புகளை ஒதுக்கிவைத்து, கிராஃபிக்ஸ் சில்லின் உதவியையும் அணைத்துத் திறக்கும். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி உங்கள் அமைப்புக் கோப்புறையோ, பின்னால் வரும் திரை டிரைவரோதான்.

அதைக் கண்டுபிடிக்க மென்பொருளை மூடிவிட்டு, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்துங்கள். வரும் பெட்டியில் விழுக்காட்டுக் குறி, ஆப்டேட்டா, மறுபடி விழுக்காட்டுக் குறி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் போடுங்கள். திறக்கும் கோப்புறையில் லிப்ரே ஆஃபிஸ், அதற்குள் 4 என்ற கோப்புறை. பதிப்பு எண் எத்தனை ஏறினாலும் இந்தக் கோப்புறையின் பெயர் 4 தான், குழம்ப வேண்டாம். அதை அழிக்காமல் பெயரை 44 என்று மாற்றுங்கள். மென்பொருளைத் திறந்தால் புதிய 4 ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். சரியானால் நல்லது. சரியாகாவிட்டால் புதியதை அழித்துவிட்டு 44-ஐ மறுபடி 4 ஆக்குங்கள், எதுவும் இழக்கவில்லை. நீங்கள் சேர்த்துவைத்த சொந்த அகராதிச் சொற்கள் பழைய கோப்புறைக்குள்தான் இருக்கும். அதனால் 44-ஐ அவசரப்பட்டுக் குப்பைக்கு அனுப்ப வேண்டாம். ஆவணங்களுக்கு இதில் எந்த ஆபத்தும் இல்லை.

சேஃப் மோடு இல்லாத மென்பொருளுக்கு வேறு வழி: விண்டோஸில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து மென்பொருளைத் திறப்பது. அங்கே ஓடி இங்கே விழுந்தால் காரணம் உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது. இரண்டிலும் விழுந்தால் தேட வேண்டிய இடம் கணினி முழுவதற்கும் பொதுவானது.

தமிழில் பெயர் வைத்ததால் வரும் வம்பு

ஆங்கில வழிகாட்டிகளில் இது கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) அறியாத பழைய மென்பொருளுக்கு ஒவ்வொரு மொழி எழுத்தையும் ஒரு எழுத்து அட்டவணை வழியாகத்தான் விண்டோஸ் கொடுக்கும். கோட் பேஜ் என்பார்கள். ஆங்கிலம், சீனம், அரபு, தாய்லாந்து மொழி இவற்றுக்கெல்லாம் அட்டவணை உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடாக மட்டும்தான் வந்தது. ஆகவே ‘ஆண்டுக்கணக்கு’ என்று நீங்கள் பெயரிட்ட கோப்பு பழைய மென்பொருளின் கண்ணுக்கு வெறும் கேள்விக்குறி வரிசையாகத் தெரியும். கேள்விக்குறி கோப்புப் பெயரில் வரவே முடியாத குறி. ஒழுங்காக எழுதிய மென்பொருள் கோப்பைக் காணவில்லை என்று சொல்லும். ஒழுங்கில்லாதது அப்படியே விழும்.

கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் தப்பிக்க முடியாத ஒரு நிலை உண்டு. கணினியை முதலில் அமைத்தபோது உள்ளூர்க் கணக்கின் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால், யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் கோப்புறையின் பெயரே தமிழாகிவிடும். டெஸ்க்டாப்பில் உள்ளது, டாக்குமென்ட்ஸில் உள்ளது, மென்பொருள் தன் தற்காலிகக் கோப்புகளை எழுதும் இடம் எல்லாமே அதற்குக் கீழேதான்.

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். சி டிரைவைத் திறந்து, அதில் நேரடியாக ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று ஒரு கோப்புறை போட்டு, சிக்கலான கோப்பின் நகலை ஆங்கிலப் பெயரில் அதற்குள் வையுங்கள். அங்கிருந்து திறந்தால் விழவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. அதன் பிறகு பயனர் கோப்புறையின் பெயரை நேரடியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அந்தப் பாதையை விண்டோஸ் நூறு இடங்களில் எழுதிவைத்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கிக் கோப்புகளை அதற்கு நகர்த்துவதுதான் பாதுகாப்பு. உள்ளே நுழைந்த பிறகு திரையில் தெரியும் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். கோப்புறையின் பெயர் மாறாது.

இதற்கு உறவுக்காரச் சிக்கல் ஒன்று. தமிழ் எழுத்து சரியாகத் தெரிய வேண்டும் என்று யாராவது சொல்லி, ரீஜியன் அமைப்பில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பக்கத்தில் ‘பீட்டா: யூஸ் யூனிகோட் யூடிஎஃப்-8’ என்ற கட்டத்தில் நீங்கள் குறியிட்டிருக்கலாம். சில பழைய மென்பொருள்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. குறியை எடுத்து, மறுதொடக்கம் செய்து பாருங்கள்.

தமிழ்த் தட்டச்சு மென்பொருளையும் சோதியுங்கள். தனியாக நிறுவிய பழைய தட்டச்சுக் கருவிகள் வேலை செய்வதே, திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளின் விசை அழுத்தத்தையும் இடையில் பிடித்துத்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அதன் சின்னத்தில் வலது சொடுக்கி முழுதாக மூடிவிட்டு முயலுங்கள். குணமானால், இப்போதைய விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளன. லாங்குவேஜ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

எழுத்துருப் பட்டியலை விரிக்கும்போதோ, ஒரு குறிப்பிட்ட ஆவணத்தைத் திறக்கும்போதோ மட்டும் விழுந்தால் எழுத்துருக்களைப் பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி, டாப் குறியீட்டு முறைகளின் காலத்திலிருந்து சேர்த்துவைத்த இலவசத் தமிழ் எழுத்துருக்கள் பலரிடம் நிறையக் கிடக்கின்றன. நீங்கள் சேர்த்தவற்றின் மூலக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியை நீக்கிப் பாருங்கள். விழுவது நின்றால் நீக்கிய பாதியில், நிற்காவிட்டால் மிஞ்சிய பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 64 எழுத்துரு இருந்தாலும் ஆறே சுற்றில் கெட்டது கையில் வந்துவிடும்.

திரை டிரைவர்

பழைய கணினிக்கும் புதிய மென்பொருளுக்கும் சண்டை அதிகம் நடப்பது இங்கேதான். மென்பொருள் வேகத்துக்காகப் படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடம் தள்ளுகிறது. சில்லு பழையது, அதன் டிரைவர் பல ஆண்டு முன்பே நின்றுபோனது. மென்பொருள் படம் வரையப் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று ஓப்பன்ஜிஎல். இன்டெல் எச்டி 3000 போன்ற சில்லு விண்டோஸில் அதன் 3.1 பதிப்பு வரை மட்டுமே தரும். 3.3-ஓ 4.3-ஓ கேட்கும் மென்பொருள் அதில் திறந்த கணமே விழலாம்.

மருந்து எளிது: வரையும் வேலையை மென்பொருளே செய்யட்டும் என்று விட்டுவிடுவது. லிப்ரே ஆஃபிஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ பக்கத்தில் ‘யூஸ் ஸ்கியா ஃபார் ஆல் ரெண்டரிங்’ குறியை எடுங்கள். குரோம் வகை உலாவிகளில் செட்டிங்ஸ், சிஸ்டம் பக்கத்தில் ‘யூஸ் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்’. மற்றவற்றில் ‘ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்’ என்ற சொல்லைத் தேடுங்கள். கொஞ்சம் மெதுவாகும், விழுவதைவிட அது மேல்.

விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகுதான் விழத் தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தானை அழுத்துங்கள். பொத்தான் மங்கியிருந்தால் திரும்பிப்போகப் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை. கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் கருவிகளை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

விஷுவல் சி++ நூலகம்

மாட்யூல் எம்எஸ்விசிபி140, கோடு சி0000005 என்ற ஜோடி வந்தால் காரணம் அநேகமாக இதுதான். 2024-இல் மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் ஸ்டுடியோ 2022, 17.10 பதிப்பில் இந்த நூலகத்தின் ஒரு உள்வேலையை மாற்றியது. அதன் பிறகு உருவாக்கிய மென்பொருள், கணினியில் நூலகத்தின் பழைய பிரதி இருந்தால் திறந்ததும் விழக்கூடும். கோப்பு இருக்கிறது, பெயரும் சரி, வயதுதான் தப்பு. அதனால் ‘கோப்பைக் காணவில்லை’ என்ற செய்திகூட வராது.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளின் ஆகப் புதிய பதிப்பை எடுத்து நிறுவுங்கள், எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும். கணினி 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் மென்பொருளுக்கு எக்ஸ்86 தான் வேண்டும். பிறகும் விழுந்தால் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் எம்எஸ்விசிபி140 என்ற பெயரில் ஒரு சொந்தப் பிரதி இருக்கிறதா பாருங்கள். தன் வீட்டில் இருப்பதைத்தான் மென்பொருள் முதலில் எடுக்கும். அதன் பெயரை மாற்றிவிட்டுச் சோதிக்கலாம். இப்படிப்பட்ட நூலகக் கோப்புகளை (டிஎல்எல்) தனித்தனியாக இறக்கித்தரும் தளங்களிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம், அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது.

ரொம்பப் பழைய கணக்கு மென்பொருள்களுக்கு டாட்நெட் 3.5 என்ற இன்னொரு மைக்ரோசாஃப்ட் தொகுப்பு தேவைப்படலாம். ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்ற பட்டியலில் குறியிட்டால் போதும். 16 பிட் காலத்து மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மீது சந்தேகம் இருந்தால், கமாண்ட் பிராம்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, முன்சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். பழைய வட்டில் அரை மணி நேரம்கூட ஆகலாம், இடையில் மூடாதீர்கள்.

பின்னணியில் ஓடுபவை

இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், விவாதமே வேண்டாம். மற்றவற்றுக்கு: ஸ்டார்டில் எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டி, சர்வீஸஸ் பக்கத்தில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீஸஸ்’ குறியிட்டு, பிறகு ‘டிஸேபிள் ஆல்’. வரிசை மாறினால் விண்டோஸின் சேவைகளும் சேர்ந்து நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் உள்ளவற்றையும் நிறுத்தி மறுதொடக்கம் செய்யுங்கள். இப்போது ஒழுங்காக ஓடினால், எழுத்துருவில் செய்த அதே பாதிப் பாதி வேலைதான்.

நினைவகமும் வட்டும்

4 ஜிபி நினைவகத்தில் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்தபடி இன்னொரு பெரிய மென்பொருளையும் ஓட்டினால் இடம் போதாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் ‘கமிட்டட்’ என்று சாய்கோட்டின் இரு பக்கமும் எண்கள் தெரியும். 7.6/7.9 என்பது போல இரண்டும் நெருங்கிவிட்டால் அடுத்து நினைவகம் கேட்கும் மென்பொருள் விழும். வலப்பக்க எண் என்பது நினைவகமும், நினைவகம் போதாதபோது விண்டோஸ் வட்டில் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் என்ற கோப்பும் சேர்ந்த மொத்தம். சி டிரைவ் நிரம்பிக் கிடந்தால் பேஜ் ஃபைல் வளர இடமிருக்காது. ஒரு 15, 20 ஜிபியாவது காலியாக்குங்கள். பேஜ் ஃபைலை அணைத்தால் வேகம் கூடும் என்ற பழைய அறிவுரையைக் கேட்டு அணைத்திருந்தால் மறுபடி விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் மென்பொருள் 32 பிட் என்றால் சாதாரணமாக 2 ஜிபிக்கு மேல் அதனால் பயன்படுத்த முடியாது. 16 ஜிபி வாங்கிப் போட்டாலும் பெரிய கோப்பில் அதே இடத்தில் விழும். டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரியை வலது சொடுக்கி ‘பிளாட்ஃபார்ம்’ பத்தியைச் சேர்த்தால் எது 32, எது 64 என்று காட்டும். பணம் செலவழிக்குமுன் இதைப் பாருங்கள்.

நினைவகச் சில்லே கெட்டிருக்கிறதா என்று அறிய ஸ்டார்டில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடி ஓட்டலாம். சோதனை தொடங்கியதும் எஃப்1 அழுத்தி எக்ஸ்டெண்டட் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள், பல மணி நேரம் எடுக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதைச் சும்மா விடக்கூடாது. ஆனால் பிழை காட்டியதும் கடைக்கு ஓட வேண்டாம். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மடிக்கணினி என்றால் மின்கலத்தையும் விடுவித்து, சில்லுகளைக் கழற்றி மறுபடி அழுத்தமாகச் செருகி ஒருமுறை சோதியுங்கள். இங்குள்ள ஈரப்பதத்தில், அதுவும் மாதக் கணக்கில் வீட்டின் பாம்ப் ஷெல்ட்டர் அறைக்குள் கிடந்த கணினியில், தொடுமுனைகள் மங்கிப்போவது சகஜம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். பிறகும் பிழை வந்தால் ஒவ்வொரு சில்லாகத் தனியே வைத்துச் சோதித்தால் கெட்டது எது என்று தெரியும்.

மாற்றுச் சில்லு வாங்க சிம் லிம் சதுக்கம் போன்ற கணினிக் கடைத்தொகுதிக்குப் போனால் பழைய சில்லைக் கையோடு கொண்டுபோங்கள். மடிக்கணினிக்கான டிடிஆர்3 வகை நினைவகச் சில்லுக்கு 204 முனை, டிடிஆர்4-க்கு 260. ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதால் அதில் தப்பு நடக்காது. தப்பு நடப்பது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் இடையில்தான். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35 வோல்ட், பள்ளம் ஒன்றே. குறைந்த வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் முன்னதைச் செருகினால் உட்காரும், ஆனால் கணினி எழுந்திருக்காமல் போகலாம்.

வட்டுக்கு: ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பக்கத்தில் ‘டிஸ்க்’ என்ற மூலத்திலிருந்து 7 அல்லது 153, ‘என்டிஎஃப்எஸ்’ மூலத்திலிருந்து 55 என்ற எண்கள் வருகின்றனவா பாருங்கள். 7 என்றால் படிக்க முடியாத பகுதி, 153 என்றால் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பதில் கிடைத்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசக் கருவி வட்டின் சொந்தக் குறிப்பைக் காட்டும். அதில் 05, சி5, சி6 வரிகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5-இல் எண் ஏறிக்கொண்டே போனால் பழுதுபார்க்கும் கருவி எதையும் ஓட்டாமல் முதலில் கோப்புகளை நகலெடுங்கள். சாகப்போகும் வட்டை முழுதாகச் சோதிப்பது அதைச் சீக்கிரம் அனுப்பிவைக்கும் வேலை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பகுதி இல்லாத வட்டு) ஒன்றும், அதைக் கணினியோடு இணைக்க ஒரு யூஎஸ்பி-சாட்டா கம்பியும் இருந்தால் மாற்றிவிடலாம். பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் பலன் கண்ணுக்குத் தெரிவது இதில்தான்.

சில்லறைக் காரணங்கள்

சூடு பற்றி நிறையப் பேசுவார்கள். சில்லு சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைக்கும், பிறகு முழுக் கணினியையும் அணைக்கும். ஒரு மென்பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து விழவைப்பது அரிது. ஏர்கான் போடாத பிற்பகலில் மட்டும் விழுகிறது என்றால் சந்தேகப்படலாம். தூசியை ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள்.

கணினியின் தேதியையும் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவைத்து மறுபடி போட்டால் பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 நாணய மின்கலம் தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகி, இணையத்தில் உரிமம் சரிபார்க்கும் மென்பொருள் திறக்க மறுக்கும்.

மென்பொருளும் விண்டோஸும் ஒன்றையொன்று கைவிட்டிருக்கலாம். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்கு வந்த கடைசிப் பதிப்பு. லிப்ரே ஆஃபிஸ் 25.8 விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றையும் விட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கணினி பழையது என்றால் ஆகப் புதிய பதிப்பைத் தேடாமல், உங்கள் விண்டோஸை ஆதரித்த கடைசிப் பதிப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே தேடுங்கள். நிறுவிய பிறகு தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிடுங்கள். இணையத்தைத் தொடும் மென்பொருளுக்கு மட்டும் இது கூடாது.

இத்தனைக்கும் நடுவில் திரை முழுக்க எச்சரிக்கை வந்து, அபாய ஒலி எழுப்பி, ஒரு தொலைபேசி எண்ணை அழைக்கச் சொன்னால் அது கிராஷ் அல்ல, மோசடி. விண்டோஸ் யாரையும் அழைக்கச் சொல்லாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை மூடுங்கள். சந்தேகம் என்றால் சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி எண்ணான ஸ்கேம்ஷீல்டின் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

பிறரிடம் கொடுக்கும்போது

மென்பொருளைத் தயாரித்தவர்களுக்கு எழுதுவதானால் ‘திறந்தால் மூடிக்கொள்கிறது’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது. மென்பொருளின் முழுப் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, செயலியும் நினைவகமும் எவ்வளவு, விழுவதற்கு முன் சொடுக்கியவை வரிசையாக, தாளில் எழுதிய அந்த நான்கு வரிகள், இதுவரை முயன்றவை. கோப்பு ஒன்றில் மட்டும் விழுந்தால், பெயர்களையும் அடையாள எண்களையும் மாற்றிவிட்டு, அப்போதும் விழுகிறது என்று உறுதிசெய்துகொண்டு அந்த நகலை அனுப்புங்கள்.

பழுதுபார்க்கும் கடையில் கொடுப்பதானாலும் அதே தாளின் பிரதி ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். ஏற்கெனவே செய்த சோதனையை அவர்கள் மறுபடி செய்து கட்டணம் போட வேண்டியதில்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை முன்கூட்டியே நீக்குங்கள், வங்கி, சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளம்) சார்ந்த பக்கங்களிலிருந்து வெளியேறுங்கள். கணினியை இனி வைத்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்து மின்கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோகும் நாளில், நான்கு திருகாணிகளைக் கழற்றி வட்டை மட்டும் வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.